சாயத்தண்ணியும் சில விந்தைகளும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியர் சங்கம் ஒழுங்கு செய்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் அக்கா போன மாதம் தொலைபேசியில் அழைத்து, “பிள்ளைகளுக்கு விஞ்ஞான விந்தைகளைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் டொக்டர், போரடிக்காமல்” என்றார். போரடிக்காமல் என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது. இதே மண்டபத்தில் எத்தனையோ டொக்டர்மாரின் பேச்சைக் கேட்டுத் தூங்கியவள் நான். அதனால் அந்த அழுத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

உடனே இணையத்தில் தேடினேன். கணவாய் இனத்து ஒக்டோபசுக்கு மூன்று இதயம், வாழைப்பழத்தில் கொஞ்சம் கதிரியக்கம் என்று நிறைய வந்தது. எல்லாம் உண்மைதான். இருபது நிமிடத்தில் ஐம்பது சொல்லிவிடலாம். ஆனால் நம்மில் யாரும் அப்புத்தளையில் ஒக்டோபசைப் பார்க்கப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, நம் அடுப்படியிலும் ரயில் பாதையிலும் தேயிலை மலையிலும் இருக்கும் விந்தைகளே எனக்குப் போதும் என்று பட்டது. அவற்றில் ஒன்று என் வீட்டுக்கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அடுப்படி. நம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1431 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இங்கே கொதிப்பது 95 பாகையை ஒட்டி. மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறைகிறது. நீரை அழுத்திப் பிடிக்கும் கை கொஞ்சம் தளர்ந்தது போல, அது சீக்கிரமே கொதித்துவிடுகிறது. சீக்கிரம் கொதித்தால் சீக்கிரம் வேக வேண்டும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. எவ்வளவுதான் விறகை வைத்தாலும் அந்தத் தண்ணீர் 95க்கு மேல் சூடாகாது. கொழும்பிலிருந்து வந்த என் மாமியார், “உங்க ஊர் பருப்பு ஏன் வேகவே மாட்டேங்குது?” என்று முதல் நாளே கேட்டார். பருப்பின் மேல் குற்றமில்லை மாமி, உயரத்தின் மேல்தான் குற்றம் என்றேன். அடுத்த முறை பிரஷர் குக்கரோடு வந்தார்.

குடிக்கும் தண்ணீருக்கு இந்த 95 தாராளமாகப் போதும். வயிற்றோட்டம் கொண்டுவரும் கிருமிகள் அதற்கு முன்பே செத்துவிடும். சத்திரசிகிச்சைக் கருவிகளுக்குத்தான் போதாது. சில கிருமிகளின் வித்திகள் சாதாரணக் கொதிநீரில் தப்பிவிடும். அதனால் வைத்தியசாலையில் ஒரு பெரிய பிரஷர் குக்கர் வைத்திருக்கிறோம். அதற்கு ஓட்டோகிளேவ் என்று பெரிய பெயர், உள்ளே 121 பாகை. வேலை ஒன்றுதான்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஊரில் பேசி முடிக்க முடியாது. பாதை 1893இல் அப்புத்தளைக்கு வந்தது. பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. அந்தக் கடைசித் துண்டு ஏறக்குறைய நம் பள்ளியின் வயதுக்காரி. தெமோதரையில் ரயில் நிலையத்துக்கு நேர் கீழேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. பதுளையிலிருந்து வரும் ரயில் அந்தச் சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, தான் சற்று முன் கீழே கடந்த இடத்துக்கு மேலேயே வந்து நிற்கும். ரயில் சக்கரமும் தண்டவாளமும் இரண்டும் இரும்பு. செங்குத்தாக ஏறினால் வழுக்கும். நம் மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் 1 அடிதான் ஏறலாம். அதனால் ஏற்றத்தைக் குறைக்கத் தூரத்தைக் கூட்டினார்கள். இதற்கு ஒரு கதையும் உண்டு. வழி தெரியாமல் திகைத்து நின்ற பொறியியலாளர், எதிர் மலையில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றாராம். கதைதான். ஆனாலும் அந்தப் பாதைக்காக மண் சுமந்த எங்கள் பாட்டன்மாரில் ஒருவருடைய தலைப்பாகையாவது கதையில் இடம்பிடித்ததில் எனக்கு ஒரு திருப்தி.

இனித் தேயிலை. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

ஆடி, ஆவணியில் இங்கே அடிக்கும் காற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலைக் கூட்டத்தில் நம் பின்னலையும் பாவாடையையும் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாது. அதைக் கச்சான் காற்று என்கிறோம். கடலோரத் தமிழில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு அந்தப் பெயர். சின்ன வயதில் எனக்குக் கச்சான் என்றால் கடலைதான் தெரியும். காற்றில் ஏன் கடலை வரவில்லை என்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் காற்று தென்மேற்கிலிருந்து மழையைச் சுமந்துதான் புறப்படுகிறது. அட்டன், நுவரெலியா பக்கத்து மலைகளில் மோதி, அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், காயும். பட்டிப்பொலைச் சுரங்கத்துக்கு அந்தப்பக்கம் மழை, இந்தப்பக்கம் வெயில் என்று ரயிலில் போய் வருபவர்கள் சொல்வது இதனால்தான்.

பகலில் வறண்ட காற்று, இரவில் குளிர். தேயிலைச் செடி தவித்துப்போகிறது. கொழுந்து மெதுவாகத்தான் வரும், நிறை குறையும். ஆனால் அந்தச் சில வாரக் கொழுந்தில் ஒரு வாசனை இருக்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகில் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். ஜப்பான்காரர்களும் ஜேர்மனிக்காரர்களும் அதற்குக் காத்திருந்து விலை கொடுப்பார்கள். அந்த வாசனையை மூக்கில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாக, எங்கோ தெரிந்தது போல இருக்கும். எங்கே தெரிந்தது? பாட்டியின் தலையணைக்குக் கீழே இருக்கும் தைலப் போத்தலில்!

இரண்டிலும் ஒரே பொருள்தான் மணக்கிறது. அதன் பெயர் மெத்தைல் சலிசிலேற்று. இலைக்குள் அது சர்க்கரையோடு கட்டுண்டு, வாசனையின்றிக் கிடக்கும். ஸ்டோரில் கொழுந்தை வாடப்போட்டு ரோலரில் அரைக்கும்போது இலையின் நொதியங்கள் அந்தக் கட்டை அறுத்துவிடுகின்றன. மணம் வெளியே வருகிறது.

செடி எதற்காக இதைச் செய்து வைத்திருக்கிறது? நம் தலைவலிக்காக அல்ல. அடிபட்ட, நோய்ப்பட்ட, தவித்த செடிகள் பல இந்தப் பொருளைக் காற்றில் விடுகின்றன. 1997இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் புகையிலைச் செடியில் இதைக் காட்டினார்கள். வைரசு தாக்கிய செடி விட்ட மெத்தைல் சலிசிலேற்றை மோந்த பக்கத்துச் செடி, தனக்கு நோய் வருமுன்பே எதிர்ப்புக்குத் தயாராகிவிட்டது. லயத்தில் ஒரு காம்பராவில் சத்தம் கேட்டால் அடுத்த காம்பராக்காரி கதவைத் தாழ்ப்பாள் போடுவது போல.

இந்தப் பொருளின் சகோதரிதான் அஸ்பிரின். 1763இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிக்கிறது என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வில்லோவின் லத்தீன் பெயர் சாலிக்ஸ். சலிசிலேற்று என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1897இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் வயிற்றுக்குச் சற்று இதமான வடிவம் தயாரானது. 1899இல் அதற்கு அஸ்பிரின் என்று பெயர் வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஜோன் வேன் கண்டுபிடித்தது 1971இல்தான். எழுபது வருடத்துக்கு மேல் உலகமே விழுங்கிய ஒரு குளிசை, உள்ளே போய் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாமலே விழுங்கப்பட்டது. 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு நிமிடம் டொக்டராகப் பேச அனுமதியுங்கள். தேத்தண்ணியில் இருப்பது இம்மியளவு, அதற்குப் பயப்பட வேண்டாம். போத்தலில் இருப்பது அப்படியல்ல. சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், ஏறக்குறைய 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் குளிசையில் 20க்கு மேல். தவழும் குழந்தைக்கு அது உயிராபத்து. நமக்கு அந்த மணம் மருந்து மணம். அமெரிக்காவில் அதே மணத்தை மிட்டாயிலும் சூயிங்கத்திலும் போடுகிறார்கள். குழந்தையின் மூக்கு எந்த நாட்டுக் கணக்கைச் சொல்லும் என்று யாரால் சொல்ல முடியும்? பாட்டியின் தலையணை குழந்தைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. லேபிளில் மெத்தைல் சலிசிலேற்று என்று எழுதியிருந்தால் போத்தலை அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். வீட்டில் யாராவது குருதி உறையாமலிருக்க வோபரின் குளிசை எடுப்பவராக இருந்தால், மூட்டு மூட்டாக இந்தத் தைலத்தைத் தேய்ப்பதும் குருதிக்கசிவைக் கொண்டுவரலாம். டெங்குக் காய்ச்சலோ என்ற சந்தேகம் இருக்கும்போது அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

சரி, வாசனையை விட்டுச் சாயத்துக்கு வருவோம்.

மேசையில் இரண்டு கிளாஸ் வைத்திருக்கிறேன். இரண்டிலும் சீனி போடாத சாயத்தண்ணி. முதலாவதில் ஒரு தேசிக்காய்த் துண்டைப் பிழிகிறேன். பாருங்கள், செம்பழுப்பு நிறம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. தேசிக்காய்ச் சாறு கலந்ததால் மட்டும் அல்ல. தேயிலைச் சாயமே புளிப்புக்கு நிறம் மாறும். ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் இல்லாத நாட்களில் நம் விஞ்ஞான டீச்சர் சாயத்தண்ணியை வைத்துத்தான் அமிலம் காட்டினார். இதோ முன்வரிசையில் சிரிக்கிறார்.

இப்போது இரண்டாவது கிளாஸ். இது ஒரு இரும்புக் குளிசை. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுப்பது, பெரசு சல்பேற்று. இதைப் பொடித்து வைத்திருக்கிறேன். போட்டுக் கலக்குகிறேன்.

பின்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? தூக்கிக் காட்டுகிறேன். கறுத்துவிட்டது. இது மை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எழுதக்கூடிய மையேதான். நம் பெரியவர்கள் கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதி போட்டு மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இந்தப் பெரசு சல்பேற்றுத்தான். ஐரோப்பாவிலும் ஓக் மரக் காய்களை வைத்து இதே முறையில் செய்த மையால்தான் பல நூற்றாண்டுகள் எழுதினார்கள். கடுக்காய், ஓக் காய், தேயிலை மூன்றிலும் இருப்பது துவர்ப்பு. அந்தத் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது.

கிளாசில் நடந்தது வயிற்றிலும் நடக்கும்.

நான் ஆறாம் தரம் படித்த வருடம். என் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. மலையில் ஒரு போத்தல் சாயத்தண்ணி. மாலை வந்ததும் மறுபடி. ஊவா மணத்துத் தேயிலை அல்ல. அது கப்பலேறிவிடும், நமக்கு வருவது டஸ்ட். தம்பி வயிற்றில் இருந்தான். அம்மா அரிசிப் பானையில் கைவிட்டுப் பச்சை அரிசியை எடுத்து எடுத்து மெல்லுவார். “அரிசி தின்னா கல்யாணத்துக்கு மழை பெய்யும்னு சொல்லுவாங்களே அம்மா” என்றால், “எனக்குக் கல்யாணம் ஆகிருச்சு புள்ள. அதுலயும் மழைதான் பேஞ்சுச்சு” என்பார். அப்புத்தளையில் எந்தக் கல்யாணத்துக்குத்தான் மழை பெய்யவில்லை!

கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுத்தார்கள். அம்மா ஒரு நாள் தவறாமல் விழுங்கினார். காலைச் சாயத்தண்ணியோடு. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்காதே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ, வரிசையில் நின்ற அவசரத்தில், விளங்காத மொழியில் காதில் விழவில்லையோ.

தம்பி பிறந்த அன்று அம்மாவுக்குக் குருதி அதிகம் போயிற்று. ஏற்கெனவே குறைவாக இருந்த உடம்பு. இரவோடிரவாக அப்பாவும் லயத்துக்காரர் சிலரும் லொறியில் ஏறிப்போய்க் குருதி கொடுத்தார்கள். பாட்டி எங்களைச் சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். விடியும்போது, பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம், மலையேறும்போது நான்கு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவார்.

பத்து வருடம் கழித்து, மருத்துவ பீட நூலகத்தில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோற்றோடும் பாணோடும் தேநீர் கொடுத்து, உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பை அளந்திருந்தார்கள். தேநீரோடு உண்டபோது அது பெரிதும் குறைந்திருந்தது. குளிசையில் இருக்கும் அதே பெரசு சல்பேற்றுக் கரைசலிலும் குறைந்திருந்தது. இறைச்சியில்லாமல் பெரும்பாலும் மரக்கறியே உண்பவர்கள் சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குருதிச்சோகைக்கு அது ஒரு காரணமாகலாம் என்று முடிவில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிகளை அன்று என்னால் படிக்க முடியவில்லை. ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி, என் கையால் எடுத்துக் கொடுத்த குளிசை. பச்சை அரிசி, மண், சாம்பல், ஐஸ் கட்டி தின்னத் தோன்றுவதும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பதை வேறொரு பாடத்தில் படித்தேன்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் நிலைக்குச் சாயத்தண்ணி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கோதுமை மா ரொட்டியில் இரும்பு குறைவு. வீட்டில் இறைச்சி தீபாவளிக்குத்தான். கொழுக்கிப் புழு, அடுத்தடுத்த பிரசவம், மாதவிடாய், எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணின் குருதியைக் குறைக்கின்றன. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யக் காசு வேண்டும். சாயத்தண்ணியை நேரம் மாற்றிக் குடிக்க மட்டும் ஒரு சதமும் வேண்டாம்.

அன்றிரவே தோட்டத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப குளிசைய எதால முழுங்குறது? இந்தக் குளிருல பச்சத்தண்ணி தொண்டையில எறங்குமா?” என்றார்.

நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். பத்து வருடத்துக் குற்ற உணர்ச்சியோடு பேசியவளுக்கு, அப்புத்தளையில் பிறந்து வளர்ந்தும், இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. இன்று என் கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம் சாயத்தண்ணியை நிறுத்து என்று நான் சொல்வதில்லை. இந்தக் குளிரில் நின்று கொழுந்து எடுப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. குளிசையைச் சுடுதண்ணியோடு விழுங்கு, கொடுக்கும் விற்றமின் சீ குளிசையையும் அதோடேயே சேர்த்துப் போடு, கல்சியம் குளிசையை வேறு வேளைக்கு வை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துச் சாயத்தண்ணி குடி என்று சொல்கிறேன். அந்த ஒரு மணித்தியாலம் நான் கற்பனை செய்தது அல்ல. 2017இல் வெளிவந்த ஒரு ஆய்வில், உணவோடேயே தேநீர் குடித்த பெண்கள் எடுத்துக்கொண்ட இரும்பு 37 வீதத்தை ஒட்டிக் குறைந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோது குறைவு 18 வீதமளவில்தான்.

பால் ஊற்றினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. சாயத்தண்ணியிலேயே தேசிக்காய் பிழிந்தால்? ருசியாக இருக்கும், ஆனால் அதை நம்பிச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் பிழியுங்கள், அங்கே அது வேலை செய்யும். ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் இன்னும் நல்லது. உயர்தரப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். பரீட்சைக்குக் கண்விழிக்கிறோம் என்று ராத்திரிச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பை வைத்துக்கொள்கிறீர்கள். கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால், படியேறும்போது மூச்சு வாங்கினால், வகுப்பில் காரணமில்லாமல் தூக்கம் வந்தால், சோம்பேறி என்று யாராவது திட்டும் முன் ஒரு முறை குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஈமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் என்னிடம் வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த எல்லை 11.

அம்மா இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை, பச்சைச் சேலை. எழுபது தாண்டிவிட்டது. தெமோதரையில் ரயில் சுற்றுவது பற்றி நான் சொன்னபோது தலையை ஆட்டினார், கங்காணி கதை அவர் சொன்னதுதான். இடைவேளையில் வெளியே தேநீர் தருவார்கள், கூடவே ரோல்ஸும் வடையும். அவர் வடையைச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையை வாங்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பேசப் போனால், “டொக்டரம்மா பாத்துக்கிட்டிருக்கா” என்பார்.

இந்த இரண்டாவது கிளாசை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். யாரும் குடித்துவிடாதீர்கள். ஒரு ஈர்க்குச்சியைத் தோய்த்துத் தாளில் எழுதிப் பார்க்கலாம். எழுதும்போது சற்று வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் காயக் காய இன்னும் கறுக்கும்.